எழுபத்தாறாம் இடத்தின் உள்கணக்கு

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் சாயங்காலம் டென்னிஸ் கோர்ட் ஓரம் நின்றால், பிள்ளையைப் பயிற்சிக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் அப்பாக்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி "தம்பி ரேங்க் எம்புட்டுண்ணே?" என்பதுதான். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ஐட்டா ரேங்க், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஐடிஎஃப் ஜூனியர் ரேங்க், எதுவானாலும் பதில் ஓர் எண். அந்த ஓர் எண்ணை வைத்தே பிள்ளையின் ஆட்டம், கோச்சின் திறமை, இனி செலவு செய்யலாமா வேண்டாமா என்பது வரை முடிவாகிவிடுகிறது. எண் எங்கிருந்து வந்தது, எந்தப் போட்டியில், எந்தத் தரையில், எத்தனை வெற்றியில் சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்றால் ஜோகோவிச், அல்கராஸ் வரலாறு உதவாது. அவர்கள் அந்த ஏணியில் நின்று மூச்சு வாங்கியதே இல்லை. வருடக்கணக்கில் நூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே ஓடிய ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஹங்கேரியின் அட்டிலா பலாஷ் அதற்குப் பொருத்தமானவர்.

1988-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஒற்றையர் பிரிவில் அவருடைய உச்ச ரேங்க் 76. அது வந்தது 2020 மார்ச் 2 அன்று, 31 வயதில். நம் சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் உச்சம் 75, 2019 ஏப்ரலில். இரண்டு பேருக்கும் ஓர் இடம்தான் வித்தியாசம், இரண்டு பேருமே தாமதமாக வந்தவர்கள். பிரஜ்னேஷின் நல்ல வருடங்களை முழங்கால் எலும்பு விரிசல்கள் தின்றன. பலாஷ் நடுவில் போட்டிகளை விட்டே விலகிப் பிறகு திரும்பியவர். ஆகவே இவரைப் படிப்பது நம்மூர் ஆட்டக்காரரைப் படிப்பதற்கும் உதவும்.

முதலில் அவர் போன பாதை. ஏடிபி என்பது ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு; அதன் போட்டிகளில் 250, 500 என்பது கோப்பை வென்றால் கிடைக்கும் பாயின்ட்ஸ். 2012 ஏப்ரலில் புக்காரெஸ்டில் நடந்த ஏடிபி 250 போட்டியில் குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்று ஆடி, மெயின் டிரா என்ற முக்கியச் சுற்றுக்குள் வந்து, அரையிறுதி வரை போனார். அங்கே இத்தாலியின் ஃபாபியோ ஃபோக்னினியிடம் தோற்றார். அப்போது வயது 23. இனி ஏறுமுகம்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த உயரத்தை மறுபடி எட்ட அவருக்கு ஏழு வருடம் ஆனது. 2019 ஜூலையில் குரோஷியாவின் கடலோர ஊரான உமாக்கில், மறுபடியும் குவாலிஃபையிங்கிலிருந்து ஏறி, இந்த முறை இறுதிப்போட்டியே ஆடினார். செர்பியாவின் டுஷான் லாயோவிச் 7-5, 7-5 என்று வென்றார். ஏழு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், ரியோ டி ஜெனிரோவின் ஏடிபி 500 போட்டியில் அரையிறுதி. அதற்கு அடுத்த வாரம்தான் 76.

மூன்று போட்டிகளும் செம்மண் தரை, அதாவது ஐரோப்பியர்கள் செங்கல் தூள் தூவி வைக்கும் கிளே. இது தற்செயல் இல்லை, அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பாயின்ட்ஸ். கடைசி 52 வாரத்தில் சேர்த்த பாயின்ட்ஸ்தான் ரேங்கைத் தீர்மானிக்கிறது.

அப்போதைய அட்டவணைப்படி ஏடிபி 250-இல் இறுதியில் தோற்றால் 150 பாயின்ட்ஸ். குவாலிஃபையிங் தாண்டி வந்தவருக்குக் கூடுதலாக 12. ஆக உமாக் வாரம் மட்டும் 162. குவாலியில் இரண்டு ஆட்டம், மெயின் டிராவில் நான்கு, மொத்தம் ஆறு வெற்றி. ரியோ போன்ற 500-இல் அரையிறுதிக்கு அப்போது 180. மெயின் டிராவில் மூன்று வெற்றி. இரண்டு வாரத்தில், ஒன்பது மெயின்-குவாலி வெற்றிகளில், 342 பாயின்ட்ஸ். 76-ஆம் இடத்துக்கு அந்தக் காலத்தில் தேவைப்பட்ட மொத்தத்தில் இது பாதிக்கு அருகில் வரும்.

இதையே கீழ்த்தட்டுப் போட்டிகளில் சேர்க்க வேண்டுமானால் என்ன ஆகும்? ஐடிஎஃப் ஆண்கள் போட்டிகளில் எம்15, எம்25 என்று இரண்டு நிலை. இப்போதுள்ள அட்டவணைப்படி எம்15-இல் கோப்பை வென்றால் 15 பாயின்ட்ஸ், இறுதியில் தோற்றால் 8, அரையிறுதி 4, காலிறுதி 2, இரண்டாம் சுற்று 1. முதல் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. எம்25-இல் முறையே 25, 16, 8, 3, 1. 342-ஐ எம்15 வழியாகச் சேர்க்க 23 கோப்பை வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஐந்து வெற்றி. 115 ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும். எந்த மனிதனுக்கும் ஒரு வருடத்தில் அது நடக்காது. அதிலும் கணக்கில் சேரும் போட்டிகளின் எண்ணிக்கைக்கு ஏடிபி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் நாற்பது போட்டி ஆடினாலும் சிறந்த சிலவற்றின் பாயின்ட்ஸ்தான் சேரும்.

என்னைக் கேட்டால் கீழ்த்தட்டு டென்னிஸில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் இதுதான்: எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறீர்கள் என்பதைவிட எந்த நிலையில் ஜெயிக்கிறீர்கள் என்பதே ரேங்க். எம்15-இல் வாரா வாரம் காலிறுதி போகும் பையன் நன்றாக ஆடுகிறான் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அவன் வருடத்துக்கு 25 வாரம் அப்படி ஆடினாலும், எல்லாமே கணக்கில் சேர்ந்தால்கூட, 50 பாயின்ட்ஸ்தான். ஐடிஎஃப் போட்டிகளுக்கு மேலே, ஏடிபி 250-க்குக் கீழே இருக்கும் நிலை சேலஞ்சர். சேலஞ்சர் 75 ஒன்றில் ஒரே ஒரு வாரம் கோப்பை வெல்பவனுக்கு 75.

அதனால் ஏணியின் படிகளைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். சமீப ஆண்டுகளில் 500-ஆம் இடத்துக்கு நூறுக்குக் கொஞ்சம் குறைவான பாயின்ட்ஸ் போதும். 250-க்கு இருநூற்றுச் சொச்சம். 100-க்கு அறுநூறை ஒட்டி. ஐந்நூறுக்குள் வந்தால் எம்25 மெயின் டிராவில் இடம் உறுதி, சேலஞ்சர் குவாலியில் பெயர் தட்டுப்படும். முந்நூறுக்குள் சேலஞ்சர் மெயின் டிரா. 230 வாக்கில் கிராண்ட்ஸ்லாம் குவாலிஃபையிங். நூறுக்குக் கொஞ்சம் பின்னால் வரை கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவில் நேரடி இடம். 128 பேர் ஆடும் டிராவில் 16 இடம் குவாலி தாண்டி வருபவர்களுக்கு, எட்டு வைல்டு கார்டுக்கு, அதாவது போட்டி நடத்துபவர்கள் தாங்களே தேர்ந்தெடுப்பவர்களுக்கு, மீதி 104 ரேங்க் வரிசைப்படி.

அந்தக் கடைசி இரண்டு கோடுகள்தான் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பண விஷயத்தில் இரண்டாகப் பிளக்கின்றன. 2025 விம்பிள்டனில் மெயின் டிரா முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்ட். குவாலி முதல் சுற்றில் தோற்றவருக்கே 15,500 பவுண்ட். எம்15-இல் பல வருடமாக இருந்த பரிசுத்தொகை என்ன தெரியுமா? கோப்பைக்கு 2,160 டாலர், இறுதியில் தோற்றால் 1,272, அரையிறுதி 752, காலிறுதி 438, இரண்டாம் சுற்று 258, முதல் சுற்று 156. விம்பிள்டனில் ஓர் ஆட்டம் ஆடித் தோற்பதும் நாற்பது எம்15 கோப்பை வெல்வதும் பணத்தில் ஏறக்குறைய ஒன்று. பலாஷ் 76-ஐத் தொட்டபோது அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்.

76-ஐத் தொட்ட பத்தாவது நாள், 2020 மார்ச் 12 அன்று, கொரோனாவால் ஏடிபி போட்டிகள் நிறுத்தப்பட்டன. ரேங்க் பட்டியல் மார்ச் 16 முதல் ஆகஸ்ட் வரை உறைந்து கிடந்தது. விம்பிள்டன் அந்த வருடம் ரத்து. தொற்றுநோய்க்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்து வைத்திருந்ததால் விம்பிள்டன் நிர்வாகம், ரேங்க் தகுதியால் மெயின் டிரா ஆடியிருக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் 25,000 பவுண்ட் கொடுத்தது. குவாலி ஆடியிருக்கக்கூடியவர்களுக்கு 12,500. அது நல்ல காரியம்தான். ஆனாலும் 31 வயதில் உச்சத்தைத் தொட்ட ஒருவருக்கு அந்த ஐந்து மாதம் பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு. 22 வயதுப் பையனுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. 31-இல் உடம்பு அப்படிக் காத்திருப்பதில்லை.

இப்போது ஊர் விஷயம். புடாபெஸ்டிலிருந்து பிராட்டிஸ்லாவா 200 கிலோமீட்டர், வியன்னா 245, ஜாக்ரெப் 345. உமாக்கே சுமார் 600 கிலோமீட்டர்தான். காரில் ராக்கெட் பையைப் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினால் சாயங்காலம் இன்னொரு நாட்டில் பயிற்சி கோர்ட்டில் இருக்கலாம். ஹங்கேரி 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது, விசா என்ற பேச்சே இல்லை. ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, குரோஷியா, செர்பியா, ருமேனியா, இத்தாலி என்று ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிளே போட்டிகள் வரிசையாக நடக்கின்றன. முதல் சுற்றில் தோற்றால் அன்றிரவே வீட்டுக்குப் போய்ச் சொந்தக் கட்டிலில் படுக்கலாம். கோடையில் ஜெர்மனி, ஆஸ்திரியா கிளப் லீக்குகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வார இறுதியில் ஆடிவிட்டும் வரலாம். மத்திய ஐரோப்பாவில் ரேங்க் குறைந்த பலருக்கு ஐடிஎஃப் பரிசுப் பணத்தைவிட அந்த லீக் பணம்தான் வருடத்தை ஓட்டுகிறது.

மதுரையிலிருந்து கோவை 215, பெங்களூரு 435, சென்னை 460 கிலோமீட்டர். அதற்குள் நமக்குக் கிடைப்பது ஐட்டா போட்டிகளும், வருடத்தில் சில வாரம் நடக்கும் ஐடிஎஃப் போட்டிகளும், சென்னை, பெங்களூரு சேலஞ்சர்களும். மற்றதற்கெல்லாம் விமானம். அங்கேதான் கணக்கு கசக்கிறது. மூன்று வாரம் துருக்கியின் அன்டால்யா அல்லது துனீசியாவின் மொனாஸ்டிர் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்களில் எம்15 போட்டிகள் ஒரே ஓட்டலைச் சுற்றி வாரா வாரம் தொடர்ந்து நடக்கும், அதனால்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். மூன்று வாரத்தில் காலிறுதி, இரண்டாம் சுற்று, அரையிறுதி என்று நன்றாகவே ஆடினாலும் மேலே சொன்ன தொகைப்படி 438, 258, 752, மொத்தம் 1,448 டாலர், 7 பாயின்ட்ஸ். இதிலும் அந்தந்த நாட்டு வரிப் பிடித்தம் போகும். நம் நாட்டில் ஆட வரும் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு 20 சதவீதம் பிடிக்கிறார்கள், அது போலத்தான். சாப்பாட்டோடு அறை நாளுக்கு 50 யூரோ என்றாலே 21 நாளுக்கு 1,050 யூரோ. விமானம், நுழைவுக் கட்டணம், ஸ்ட்ரிங் எல்லாம் அதற்கு மேல். கோப்பை வென்றால் மட்டுமே கையைக் கடிக்காது. போட்டிப் பெயரில் கூடவே 'எச்' என்று குறிப்பிட்டிருந்தால் தங்க இடம் போட்டி நடத்துபவர்கள் பொறுப்பு. சேலஞ்சர் மெயின் டிராவிலும் அறை உண்டு. ஒரே அளவு பரிசுள்ள இரண்டு போட்டியில் எதற்குப் போவது என்று யோசிக்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசா. அதில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஏப்ரல் நடுவில் போனவர் ஜூலை நடுவில் வெளியே வந்தாக வேண்டும், கிளே சீசன் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஒற்றை நுழைவு விசாவாக வாங்கிவிட்டு, நடுவில் துருக்கிக்கோ செர்பியாவுக்கோ ஒரு போட்டிக்குப் போய், திரும்ப நுழைய முடியாமல் தவிப்பது அடிக்கடி நடக்கிற விபத்து. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள். போட்டி நடத்துபவர்கள் தரும் அழைப்புக் கடிதத்தை இணையுங்கள். கைரேகை கொடுக்கப் பெரும்பாலும் சென்னை போக வேண்டியிருக்கும், அந்த நாளையும் பயிற்சி அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

பெயர் கொடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஆட்டத்தில் தோற்பதற்கு முன்பே இதில் தோற்கிறார்கள். ஐடிஎஃப்பின் ஐபின் கணக்கு, அதாவது ஆட்டக்காரரின் இணையப் பதிவு, இல்லாமல் எதுவும் நடக்காது. எம்15, எம்25 போட்டிகளுக்குக் கடைசி நேரம், போட்டி தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வரும் வியாழக்கிழமை, கிரீன்விச் நேரம் மதியம் 2 மணி. நம் நேரம் இரவு 7.30. மாலைப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் கெடு முடிந்திருக்கும், அதனால் வியாழன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அபராதமில்லாமல் பெயரை எடுக்கக் கடைசி நேரம் 13 நாள் முன்னால் வரும் செவ்வாய், அதே 7.30. ஒரே வாரத்துக்குப் பல போட்டிகளில் விருப்ப வரிசை போட்டுப் பெயர் கொடுக்கலாம். அந்த வரிசைதான் ஆட்டக்காரரின் மூளை. முதல் விருப்பமாகக் கடினமான எம்25-ஐப் போட்டு, அதில் மெயின் டிரா கிடைக்காமல் குவாலியில் மாட்டிக்கொள்வதா, அல்லது மெயின் டிரா உறுதியான எம்15-க்குப் போவதா என்று ஒவ்வொரு வாரமும் முடிவெடுக்க வேண்டும். பழைய வருடம் அதே வாரம், அதே ஊரில் மெயின் டிரா கடைசியாக எந்த ரேங்கில் நின்றது, அதாவது கட் எங்கே விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இரண்டே வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எம்15 மெயின் டிராவில் 32 பேர், அதில் எட்டு இடம் குவாலி தாண்டி வருபவர்களுக்கு. குவாலியில் மூன்றாவது செட் முழுதாக ஆடுவதில்லை, பத்து பாயின்ட் வரை ஆடும் டைபிரேக்தான். ரேங்க் இல்லாத நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இதில்தான் மடிகிறார்கள். உடல் வலுவால் மூன்றாவது செட்டில் ஜெயிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்தப் பத்து நிமிடம் எதிரி. ஊரில் பயிற்சி ஆட்டம் ஆடும்போதே மூன்றாவது செட்டுக்குப் பதில் டைபிரேக் ஆடிப் பழகுங்கள், முதல் சர்வை உள்ளே போடுவதிலும் ரிட்டர்ன் ஆழமாக விழுவதிலும் மட்டும் கண் வைத்து.

திரும்பும் டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடுவது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குப் போட்டுவிட்டால் காலிறுதி ஆடும்போதே மனதுக்குள் விமானம் ஓடும். ஜெயித்தால் டிக்கெட்டை மாற்றக் கூடுதல் பணம், அது அரையிறுதிப் பரிசில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஜெயிப்பதற்கே அபராதம் கட்டும் நிலையில் ஒரு பையனை நிறுத்தக் கூடாது. தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட் விலை கூடுதல்தான். ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்போது தரை. பலாஷின் மூன்று பெரிய வாரமும் கிளே என்றேன். பாரிஸின் ரோலண்ட் காரோஸ் கோர்ட்டில் மேலே இருக்கும் செங்கல் தூள் இரண்டே மில்லிமீட்டர். அதன் கீழே ஆறேழு சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் தூள், அதற்கும் கீழே நிலக்கரிச் சாம்பல் கட்டி, அடியில் முப்பது சென்டிமீட்டருக்குச் சரளை. தண்ணீர் பிடித்து வைப்பது அந்தச் சுண்ணாம்பு அடுக்கு. ஈரம் இருந்தால்தான் மேல் தூள் ஒட்டி நிற்கும், கால் சறுக்கி நிற்கும். பந்து தரையில் பட்டதும் வேகம் குறைந்து மேலே எழும்பும், ரேலி நீளும். சர்வை மட்டும் நம்பும் ஆட்டம் இங்கே எடுபடாது. பொறுமையும் காலும் உள்ளவருக்கு 30 வயதிலும் வேலை உண்டு. புடாபெஸ்டில் பிள்ளைகள் பழகுவது இந்தத் தரையில்தான். நம் பிள்ளைகள் பழகுவது பெரும்பாலும் அக்ரிலிக் பூசிய ஹார்டு கோர்ட்டில். அல்லது சறுக்காத, காய்ந்து வெடித்த மண் கோர்ட்டில். அங்கிருந்து நேரே ஏப்ரல் மாதம் குரோஷியாவிலோ ஸ்லோவேனியாவிலோ போய் இறங்கினால், 12 டிகிரி குளிரில் பந்து ஈரத்தையும் மண்ணையும் சுமந்துகொண்டு கல் மாதிரி வரும். போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகப் போய், பந்தை எட்டிய பிறகு சறுக்காமல், சறுக்கிக்கொண்டே பந்தை எட்டப் பழக வேண்டும். பின்னால் சறுக்கினால் ஓர் அடி தாமதமாகும், அந்த ஓர் அடியில் கோர்ட் திறந்துவிடும். அடிப்பாகம் முழுக்க மீன்முள் வடிவக் கோடு போட்ட ஷூ வேண்டும், ஹார்டு கோர்ட் ஷூவில் மண் அடைத்துக்கொண்டு கணுக்கால் திரும்பும்.

ஸ்ட்ரிங் டென்ஷனும் மாற வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் பந்து பறக்கும், அதனால் பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கை 24 கிலோவில் போடுபவர், ஐரோப்பிய ஏப்ரலில் 22 அல்லது 22.5-க்கு இறக்கினால்தான் பந்தில் ஆழம் கிடைக்கும். இறக்காமல் அதே டென்ஷனில் பலமாக அடித்துக்கொண்டே இருந்தால் முழங்கைதான் முதலில் கேட்கும். பாலி ஸ்ட்ரிங் அறுபடவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில மணி நேர ஆட்டத்திலேயே அது செத்துவிடும், அறுபடுவது அதற்கு வெகு நேரம் கழித்து. கிளேயில் மண்துகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அராவும், அதனால் அறுபடுவதும் சீக்கிரம். ஒரு ராக்கெட்டுக்குச் சுமார் 12 மீட்டர். 200 மீட்டர் ரீலில் பதினாறு ராக்கெட் போடலாம். ஆட்டத்துக்கு இரண்டு புது ராக்கெட், பயிற்சிக்குத் தினம் ஒன்று என்றால் வாரத்துக்குப் பத்து பன்னிரண்டு. ஆகவே மூன்று வாரப் பயணத்துக்கு இரண்டு ரீலாவது தேவை. போட்டி நடக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்கிங் கூலி ஒரு ராக்கெட்டுக்குப் பத்து யூரோவுக்குக் குறையாது. அதனால்தான் இந்த நிலையில் ஆடுபவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அறையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். பதினைந்து வயதில் பிள்ளைக்கு ஸ்ட்ரிங் போடக் கற்றுக்கொடுப்பது வீண் வேலை இல்லை.

பாயின்ட்ஸுக்கு ஆயுள் 52 வாரம். ஒரு வருடக் குத்தகை மாதிரி, தேதி வந்தால் போய்விடும். உமாக்கில் 162 எடுத்தவர் அடுத்த ஜூலையில் அதே வாரம் அதற்கு ஈடாக எதையாவது எடுக்காவிட்டால் ஒரே திங்கட்கிழமையில் பல பத்து இடம் சரிவார். பெரிய வாரம் ஒன்றை வைத்து ஏறியவருக்கு இந்தத் தேதி வருடம் முழுக்கத் தலைக்கு மேல் நிற்கும். பலாஷுக்கு அந்தத் தேதி வழக்கப்படி வரவில்லை. கொரோனாவால் விதி மாறி, 2019 பாயின்ட்ஸ் 52 வாரம் தாண்டியும் கணக்கில் நின்றன. மற்றவர்களுக்கு அந்த வசதி வராது. ஆகவே பெரிய வாரம் கிடைத்த உடனேயே, அந்த ரேங்க் கையில் இருக்கும்போதே, மேல்நிலைப் போட்டிகளில் ஆடிவிட வேண்டும். பலாஷ் செய்தது அதுதான். உமாக்கில் கிடைத்த ரேங்க்தான் அடுத்த சில மாதத்தில் அவரை மேலே கொண்டுபோனது, ரியோ அதன் மேல் வந்தது. ரேங்க் கிடைத்த பிறகும் பழகிய எம்25-க்கே திரும்பிப் போய்ச் சுலபமான வெற்றி தேடுபவர்கள் அடுத்த வருடம் பழைய இடத்திலேயே இருப்பார்கள்.

காயத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஆட முடியாமல் போனால் ஏடிபியிடம் பாதுகாக்கப்பட்ட ரேங்க் கேட்கலாம். காயத்தின் முதல் மூன்று மாதச் சராசரி ரேங்கை வைத்து, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விலகியிருந்தால் ஒன்பது போட்டி, அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு போட்டி வரை நுழையலாம். பணமில்லாமல், மனம் சோர்ந்து விலகுபவருக்கு அந்த வசதி கிடையாது. பாயின்ட்ஸ் பூஜ்யத்துக்குப் போகும், மறுபடி எம்15 குவாலியிலிருந்துதான். பலாஷ் போட்டிகளை விட்டு விலகித் திரும்பிய பிறகு 30 வயதில் ஏடிபி இறுதி ஆடினார் என்பதை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

2024 முதல் ஏடிபி முதல் 250 பேருக்கு வருமான உத்தரவாதம் ஒன்றைக் கொண்டுவந்தது. தொடங்கிய 2024-இல் முதல் 100-க்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 என்று இருந்தது. பரிசுப் பணம் இதற்குக் குறைந்தால் மீதியை ஏடிபி தரும். பலாஷின் நல்ல வருடங்களில் இது இல்லை. இன்றைக்கு 250 என்ற எண்ணை எல்லோரும் குறிவைப்பதற்கு இதுவே காரணம்.

அதே நாட்டில் மற்றவர்களைப் பார்த்தாலும் நேரான பாதை யாருக்கும் இல்லை. மார்ட்டன் ஃபுச்சோவிச் 2010-இல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். முதல் ஏடிபி கோப்பை 2018-இல்தான், ஜெனீவாவில். 1982-இல் பலாஸ் தரோட்சிக்குப் பிறகு ஹங்கேரிக்குக் கிடைத்த முதல் ஒற்றையர் ஏடிபி கோப்பை அது. ஜூனியர் உச்சத்திலிருந்து அங்கே வர எட்டு வருடம். 2017-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்ற ஷோம்போர் பிரோஷ் பல வருடம் சேலஞ்சர்களிலேயே ஆடினார். ஃபாபியன் மரோஷான் 2023 மே மாதம் ரேங்க் 135-இல் இருந்தபோது ரோமில் குவாலி தாண்டி வந்து அல்கராஸை 6-3, 7-6 என்று வீழ்த்தினார். அடுத்த வருடம் 36-ஆம் இடம் வரை போனார். ஜூனியரில் ஜெயித்தவருக்கு ஏன் தாமதமானது, பேர் தெரியாதவர் எப்படிச் சட்டென்று ஏறினார் என்று கேட்டால், மறுபடியும் எந்த நிலையில் எப்போது ஆடினார்கள் என்ற இடத்துக்கே வந்து சேர்வோம்.

ஒருவருடைய ரேங்கைப் படிக்க வேண்டுமானால் ஏடிபி தளத்தில் அவர் பெயரைத் தட்டி, ஆடிய போட்டிகளின் பட்டியலைத் திறந்து, ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: எம்15, எம்25, சேலஞ்சர், அதற்கு மேல். ஒவ்வொரு பத்தியிலும் வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை, தரை எது. சேலஞ்சர் குவாலியில் வரிசையாகத் தோற்றுக்கொண்டே வருபவரின் ரேங்க் கொஞ்சம் சரிந்திருந்தாலும் கவலைப்படாதீர்கள், அவர் படி ஏறிப் பழகிக்கொண்டிருக்கிறார். எம்15 பத்தி மட்டும் நிரம்பி மற்றவை காலியாக இருந்தால் அடுத்த மூன்று மாதத்துக்குப் போட்டித் தேர்வை மாற்றுங்கள். வருடத்தில் போட்டி வாரம் முப்பதைத் தாண்டியிருந்தால் பயிற்சிக்கு நேரமே இருந்திருக்காது. எட்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று வாரம் ஊரில் இருந்து, ஓர் அடியை மட்டும் சரிசெய்யும் வேலை நடக்க வேண்டும்.

பிப்ரவரியில் சென்னை சேலஞ்சர் நடந்தால் இறுதிப்போட்டிக்குப் போவதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை குவாலிக்குப் போங்கள். சனி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் இருக்கலாம். சென்டர் கோர்ட்டை விட்டுவிட்டு ஓரத்துக் கோர்ட்டுகளில் நில்லுங்கள். முந்நூறு, நானூறு ரேங்க் ஆட்டக்காரர்கள் இரண்டாவது சர்வை எவ்வளவு ஆழமாக, எவ்வளவு சுழலோடு போடுகிறார்கள் என்பதைப் பிள்ளையிடம் பார்க்கச் சொல்லுங்கள். பையில் எத்தனை ராக்கெட், எத்தனாவது கேமில் மாற்றுகிறார்கள், கோச் கூட வந்திருக்கிறாரா, தோற்ற பிறகு நேரே ஜிம்முக்குப் போகிறாரா, வேறு ஆளோடு பயிற்சி கோர்ட் பதிகிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் காலையிலேயே தொடங்கிவிடும், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.